இலை சுருளும் மிளகாய், பூ உதிரும் குடைமிளகாய்: தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

தொட்டியில் வளரும் மிளகாயின் இலை சுருளத் தொடங்கியதும் கைக்குக் கிடைத்த மருந்தை அடித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இலைச் சுருட்டலுக்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைத் தொடாது. சில நேரம் நிலைமையை மோசமாக்கும். அதனால் தெளிப்பானை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: இலை மேல்பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்ப்பக்கமாகவா? சுருள்வது கொழுந்தா, முதிர்ந்த இலையா? வெயில் தாழ்ந்ததும் விரிகிறதா? கூடவே 10 அல்லது 20 மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று வேண்டும். மிளகாய் வளர்ப்பவர் எந்த மருந்துக்கும் முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

மதியத்தில் இலை நீளவாக்கில் லேசாக மடிந்து மாலையில் விரிந்துவிட்டால் அது நோயே இல்லை. வேர் தரும் தண்ணீரைவிட இலை இழக்கும் தண்ணீர் அதிகமாகும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அந்த நேரத்தில் ஈர மண்ணில் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் கெடுதல்.

கொழுந்து இலைகள் மேல்நோக்கி, படகு போல விளிம்பு உயர்ந்து சுருண்டு, அடிப்பக்கத்தில் வெள்ளி பூசியது போன்ற கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். செடியின் நுனியை ஒரு வெள்ளைத் தாள் மேல் பிடித்துத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மெலிந்த, வெளிர்மஞ்சள் அல்லது பழுப்புப் பூச்சிகள் தாளில் ஓடும். பூவைத் தட்டினாலும் விழும்.

கொழுந்து கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கித் தடித்து, அடிப்பக்கம் பழுப்பாக மினுங்கி, காம்பு மட்டும் நீண்டு போனால் அது முரணைச் சிலந்தி என்னும் நுண்ணிய உண்ணி. அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில் பார்த்தால் நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலையின் அடியில், நடுநரம்பை ஒட்டி, கண்ணாடி போன்ற வெளிர்மஞ்சள் துளிகள் நகரும். இதைப் பலர் சத்துக் குறைபாடு என்று எண்ணி உரம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னும் சிலர் கடுமையான பூச்சிக்கொல்லி அடிப்பார்கள். பூச்சிக்கொல்லிகள் பலவும் சிலந்தியைக் கொல்வதில்லை. அதைத் தின்னும் நன்மை செய்யும் சிலந்திகளைத்தான் கொல்கின்றன. சுருட்டல் இன்னும் கூடும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, கணுக்களுக்கு இடையிலான தூரம் குறைந்து, செடி முழுவதும் கொத்துக் கொத்தாகக் குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. மனம் வராவிட்டாலும் பிடுங்கிவிடுவதே சரி. ஒரு செடியைக் காப்பாற்ற நினைத்து எல்லாத் தொட்டிகளுக்கும் பரவ விடுகிறோம். பிடுங்கும்போது செடியை முதலில் ஒரு பையால் மூடிவிட்டுப் பிடுங்கினால் வெள்ளை ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறக்காது.

ஐந்தாவது அசுவினி. இலையின் அடியில் கூட்டமாகவே தெரியும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். ஐந்தில் இதுதான் எளிது. தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும். ஆனால் அசுவினியும் தேமல் வைரஸைப் பரப்பக்கூடியது என்பதால் கண்டதும் செய்துவிட வேண்டும்.

தெளிப்பு விஷயத்துக்கு வருவோம். அசுவினி, வெள்ளை ஈ, தொடக்க நிலை இலைப்பேன் மூன்றுக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். பிறகு அடிக்கும்போது முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் விழுந்து இலை கருகும். 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பில் எண்ணெயை முதலில் குழைத்து, வெதுவெதுப்பான சிறிது தண்ணீர் விட்டுப் பால் போல ஆன பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் நனைத்தால் பயனே இல்லை. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை கட்டாயம். இலைப்பேனின் முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கிறது, கூட்டுப்புழுப் பருவத்தைப் பெரும்பாலும் மண்ணிலோ சருகிலோ கழிக்கிறது. ஒரு தெளிப்பு அந்த இரண்டையும் தொடாது. இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி செடியின் உயரத்தில் தொங்கவிட்டால் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

முரணைச் சிலந்திக்கு வேப்பெண்ணெய் ஓரளவுதான் உதவும். சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு அகற்றிவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிப்பது நன்றாக வேலை செய்யும். இரண்டு எச்சரிக்கை: வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில் கந்தகம் இலையைச் சுடும், எண்ணெய்த் தெளிப்புக்கும் கந்தகத்துக்கும் இடையில் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். எதை அடித்தாலும் சுருண்ட இலை நிமிராது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வராதீர்கள். இரண்டு வாரம் கழித்து வரும் புதுக் கொழுந்து நேராக இருக்கிறதா என்பதே கணக்கு.

பூ உதிர்வு

குடைமிளகாய் வளர்ப்பவர்களின் முதல் கவலை இது. பகலில் 20 முதல் 28 டிகிரி, இரவில் 16 முதல் 21 டிகிரி இருக்கும்போது குடைமிளகாய் சுகமாகக் காய் பிடிக்கும். பகல் 32 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு மஞ்சளாகி விழும். இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். சின்ன மிளகாய் வகைகள் வெப்பத்தை இன்னும் தாங்கும். எனவே வெயில் கடுமையான மாதங்களில் குடைமிளகாய் பூத்து உதிர்த்தால் செடி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 30 முதல் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள், மண்மேல் 5 செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள், கறுப்புத் தொட்டியானால் வெள்ளைத் துணியோ காகிதமோ சுற்றி வேரின் சூட்டைக் குறையுங்கள். பருவம் மாறியதும் அதே செடி காய்க்கும். விதைக்கும் மாதத்தை, பூக்கும் மாதம் மிதமாக அமையும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு முடிவு செய்வதே இதற்கு உண்மையான தீர்வு.

வெப்பம் சரியாக இருந்தும் உதிர்கிறது என்றால் தழைச்சத்து மிகுதியா என்று பாருங்கள். இலை அடர்பச்சையாக, பெரிதாக, தளதளவென்று இருந்து பூ மட்டும் நிற்கவில்லையென்றால் அதுதான் காரணம். இல்லையென்றால் மண் காய்ந்து வெடிக்கும் வரை விட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றும் பழக்கம், ஆறு மணி நேரத்துக்கும் குறைந்த வெயில், அல்லது பூவுக்குள் இலைப்பேன். இன்னொன்றும் உண்டு: செடியில் ஏற்கெனவே பல காய்கள் பெருத்துக்கொண்டிருந்தால் அடுத்து வரும் பூக்களைச் செடி தானாகவே உதிர்த்துவிடும். காயைப் பறித்தால் மறுபடி பிடிக்கும்.

மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. ஒரே செடி போதும். காற்றில்லாத பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ இருந்தால் காலையில் பூத்த கிளையை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். குடைமிளகாயில் காய் ஒருபக்கம் சப்பையாக வளர்ந்தால் மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்று பொருள். விதை பிடிக்காத பக்கத்தில் சதை வளராது.

தொட்டியும் தண்ணீரும்

சின்ன மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், குடைமிளகாய்க்கு 15 முதல் 20 லிட்டர், இரண்டுக்கும் 25 முதல் 30 செ.மீ. ஆழம். இதைவிடச் சிறிய தொட்டியிலும் செடி வளரும்; ஆனால் வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும், ஒரு வேளை தவறினாலும் பூவைக் கொட்டும். அடியில் விரல் பருமனுக்கு நான்கைந்து துளை வேண்டும். துளைமேல் ஒரு ஓட்டுத்துண்டோ வலைத்துண்டோ வைத்தால் போதும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்புவது தண்ணீர் வடிய உதவும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்மையான மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுவதும் நிறைந்த பிறகே இறங்கும். ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. அந்த இடத்தை மண்கலவைக்கே கொடுங்கள்.

கலவைக்கு அளவு: தோட்டமண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. மண் களிமண்ணாக இருந்தால் அதில் பாதியை ஆற்று மணலாகவோ பெர்லைட்டாகவோ (பொரித்த எரிமலைக் கல் துகள்) மாற்றிக்கொள்ளுங்கள். 10 லிட்டர் கலவைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும். மக்காத சாணம் கூடவே கூடாது. மண்ணின் அமிலகார நிலை 6 முதல் 6.8 வரை இருந்தால் மிளகாய்க்குப் பிடிக்கும்.

தண்ணீர் எப்போது என்பதற்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். விரலை 3 செ.மீ. உள்ளே விடுங்கள், அங்கே காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே நிற்கும். அடியில் தட்டு வைத்திருந்தால் அரைமணி நேரத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி, மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் வேரழுகலோ பாக்டீரியா வாடலோ இருக்கும். தண்டின் அடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியையும் மண்ணையும் அகற்றிவிட வேண்டும். அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி, உருளை எதையும் மறுபடி நடக்கூடாது.

விதையிலிருந்து

முளைப்புக்கு ஈரத்தைவிட மண்ணின் சூடு முக்கியம். 25 முதல் 30 டிகிரியில் சாதாரண மிளகாயும் குடைமிளகாயும் 7 முதல் 14 நாளில் முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே விதை சும்மா கிடந்து அழுகும். ஹாபனேரோ, பூத் ஜோலோகியா போன்ற கடுங்கார வகைகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, குழித்தட்டில் அரை செ.மீ. ஆழத்தில் குழிக்கு இரண்டாகப் போடலாம். முளைக்கும் வரை மூடி வைக்கலாம். முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். நாற்று மண்ணோடு சேரும் இடத்தில் நீர்கோத்து இளைத்து, அப்படியே சாய்ந்தால் நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது. மீதியைக் காப்பாற்ற மேல்மண்ணைக் காயவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். விதைக்கும்போதே கலவையில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைச் சிறிது கலப்பது நல்ல முன்காப்பு.

நான்கு முதல் ஆறு உண்மை இலைகள் (விதையிலைக்குப் பின் வருபவை) வந்ததும், பொதுவாக 35 முதல் 45 நாளில், தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு முன் ஒரு வாரம் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தக்காளியைப் போலத் தண்டை ஆழப் புதைக்க வேண்டியதில்லை. மிளகாய்த் தண்டு அவ்வளவு எளிதாக வேர் விடாது. விதையிலைக்குக் கீழ்வரை புதைத்தால் போதும்.

உரம், கிள்ளல்

நட்ட இரண்டு வாரத்துக்கு எதுவும் வேண்டாம். அதன்பின் 15 நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு 100 கிராம் மண்புழு உரம். கரையும் உரம் பயன்படுத்துபவர்கள் மொட்டு வரும் வரை 19:19:19, மொட்டு வந்த பின் 13:0:45 (இந்த எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்), இரண்டுமே லிட்டருக்கு 2 கிராம் அளவில் வாரம் ஒருமுறை ஊற்றலாம். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்றினால் வேர் சுடும். மண்மேல் வெள்ளை உப்புப் படிந்தால் உரத்தை நிறுத்தி, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுங்கள்.

சின்ன மிளகாய் 15 முதல் 20 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை பெருகும். ஆனால் முதல் காய் சில வாரம் தள்ளிப்போகும், ஆகவே வளர்பருவம் குறுகிய இடங்களில் கிள்ள வேண்டாம். குடைமிளகாயில் நுனி கிள்ளுவதைவிட, தண்டு முதன்முதலில் கவையாகப் பிரியும் இடத்தில் வரும் பூவை எடுத்துவிடுவதே நல்லது. அந்தக் காயை விட்டால் செடி வளர்ச்சியை நிறுத்திவிட்டு அதையே பெருக்கும். குச்சி கட்டாயம், காய் கனத்ததும் கவை பிளந்துபோகும்.

காயில் வரும் கோளாறுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது காயின் நுனியில் பழுப்பாக, தோல் போலக் காய்ந்த திட்டு. கால்சியம் குறைவு என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். அது தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். மண் ஒருநாள் வறண்டு ஒருநாள் நனைந்தால் நுனிவரை எட்டாது. முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும். ஈரத்தைச் சீராக்குங்கள், அடுத்த காய் நன்றாக வரும். வெயில் படும் பக்கத்தில் வெள்ளையாகக் காகிதம் போல் ஆனால் அது வெயில் சூடு. இலையை அளவுக்கு மீறிக் கழித்ததன் விளைவு. பழுத்த காயில் வட்டவட்டமாகக் குழிந்து நடுவே கரும்புள்ளி தெரிந்தால் பழ அழுகல். அந்தக் காய்களை உடனே அகற்றி, தண்ணீர் மண்ணில் மட்டும் படும்படி ஊற்றுங்கள். ஹலபேன்யோ என்னும் மிளகாய் வகையின் காயில் தெரியும் மெல்லிய பழுப்புக் கோடுகளும், கணுவில் தெரியும் ஊதா நிறமும் நோய் இல்லை.

பூ மலர்ந்து மூன்று நான்கு வாரத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம். முழுச் சிவப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம். குடைமிளகாய் பச்சையாக முற்றிய பிறகு நிறம் மாற மேலும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். இழுக்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். காரம் விதையில் இருப்பதாகச் சொல்வார்கள். காரம் தரும் காப்சைசின் உருவாவது விதை ஒட்டியிருக்கும் வெண்மையான உட்சதையில், விதையில் அது ஒட்டிக்கொள்கிறது. வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த கார அளவீட்டில் குடைமிளகாய்க்குப் பூஜ்யம். அதன் அருகில் கார மிளகாயை வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். காயின் சதை தாய்ச்செடியுடையது. மகரந்தக் கலப்பு அந்தக் காயின் விதையில் மட்டுமே தங்கி, அதை விதைத்தால் அடுத்த தலைமுறையில்தான் தெரியும்.

விதை சேர்ப்பவர்களுக்கு ஆகவே அந்தக் கலப்பு முக்கியம். பூ மலரும் முன் மொட்டை மெல்லிய துணிப்பையால் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாயைப் போல வராது; கடையில் வாங்கும் குடைமிளகாய் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. காய் முழுவதும் பழுத்துத் தோல் சுருங்கத் தொடங்கும்போது விதை எடுத்து, நிழலில் ஒன்றிரண்டு வாரம் உலர்த்துங்கள். மடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும். காற்றுப் புகாத பாட்டிலில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக முளைக்கும். கடுங்கார வகையில் விதை எடுக்கும்போது கையுறை போடுங்கள். காப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் பட்டுவிட்டால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.